கடை மட்டும் போதுமா? – இளம் வணிகர் தொடங்க வேண்டிய முதல் ஓய்வுக்காலக் கணக்கு

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு. வியாபாரிக்கு என்ன உண்டு? "நமக்கென்ன ஓய்வு? கை கால் ஓடும்வரை கடையில் இருப்போம், பிறகு பிள்ளை பார்த்துக்கொள்வான்" என்பதே நம்மில் பலர் சொல்லும் பதில். நம் தந்தையரும் பாட்டனாரும் இப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் காலத்தில் அது ஓரளவு செல்லுபடியாகவும் இருந்தது. இனி செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணங்கள் நாம் தினமும் கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பவைதான். தெருமுனைக் கடைக்கு வந்த வாடிக்கையாளரில் ஒரு பகுதியினர் பெரிய அங்காடிகளுக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் கைப்பேசியில் ஆர்டர் போட்டு வீட்டு வாசலிலேயே பொருள் வாங்குகிறார்கள். வாடகையும் மின்கட்டணமும் கூடுகின்றன. லாப விகிதம் கூடுவதில்லை. பிள்ளைகளோ படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், "கடையே என் பென்ஷன்" என்று நம்பியிருப்பவருக்கு, அந்தக் கடையை ஏற்று நடத்த ஆள் இல்லாவிட்டால் பென்ஷன் எங்கிருந்து வரும்? வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கடையை விற்றால் கிடைப்பது கையிருப்புச் சரக்கின் விலையும் பழைய அலமாரிகளின் விலையும்தான். ஐம்பது வருட நல்ல பெயருக்கு யாரும் ரொக்கம் தருவதில்லை.

ஆகவே, இன்று இருபதுகளில் இருக்கும் நம் மகனும் மகளும், நம் கடையில் வேலை பார்க்கும் இளைஞர்களும், கடைக்கு வெளியே ஓர் ஓய்வுக்காலக் கணக்கைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் மட்டும் போதாது. அந்தக் கணக்கில் போடும் பணம் எதில் முதலீடாகிறது என்பதைத் தெரிந்து, தேர்ந்து போட வேண்டும். கொள்முதலில் நான்கு மண்டி ஏறி இறங்கி விலை கேட்கும் நாம், முதலீட்டில் மட்டும் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவது என்ன நியாயம்?

முதலில் சம்பளம்

எதில் போடுவது என்பதற்கு முன் ஒரு கேள்வி. நம் கடையில் உட்காரும் பிள்ளைக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோமா?

பெரும்பாலும் இல்லை. "வேண்டியதைக் கல்லாவில் எடுத்துக்கொள்" என்கிறோம். அது பாசம்தான், கணக்கு அல்ல. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை உழைக்கும் 23 வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு ரூபாய் வருமானம் இல்லை, தனிச் சேமிப்பு இல்லை. அதே வயதில் வெளியே வேலைக்குப் போன அவன் வகுப்புத் தோழனுக்கு முதல் மாதத்திலிருந்தே வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறது. பத்து வருடம் கழித்து இருவரையும் நிறுத்திப் பார்த்தால், முதலாளி மகனிடம் ஒன்றும் இருக்காது. சம்பளக்காரனிடம் சில லட்சங்கள் இருக்கும். கடையில் உதவும் மகளின் நிலையோ இன்னும் மோசம். அவள் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதே இல்லை.

எனவே பிள்ளைக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றை நிர்ணயித்து, வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். அதில் ஒரு பங்கை அவர்களே தங்கள் ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்கட்டும். இது முதல் படி. இதைச் செய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

காலத்தின் கணக்கு

மாதம் 2,000 ரூபாய். 22 வயதில் தொடங்கி 60 வரை 38 ஆண்டுகள். மொத்தம் போடுவது 9,12,000 ரூபாய். ஆண்டுக்கு 7 சதவிகிதம் வளர்ந்தால் முடிவில் சுமார் 45 லட்சம். 10 சதவிகிதம் வளர்ந்தால் சுமார் 1 கோடியே 3 லட்சம். இடையே உள்ள வேறுபாடு வெறும் 3 சதவிகிதம். ஆனால் தொகை இரு மடங்குக்கும் மேல். எதில் போடுகிறோம் என்பது ஏன் முக்கியம் என்றால் இதனால்தான்.

அதே 2,000 ரூபாயை 35 வயதில் தொடங்கினால்? 10 சதவிகிதத்திலேயே வளர்ந்தாலும் 60இல் கிடைப்பது சுமார் 26½ லட்சம். பதின்மூன்று ஆண்டுத் தாமதத்தில் போடாமல் விட்டது 3,12,000 ரூபாய். இழந்தது 76 லட்சத்துக்கும் மேல். வட்டிக்கு வட்டி என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதைக் கடன் கொடுத்தவர் பக்கம் நின்றே பார்த்துப் பழகிவிட்டோம். நம் பக்கமும் அது வேலை செய்யும், காலம் மட்டும் கொடுத்தால்.

ஒரு கோடி என்றதும் மயங்கவும் வேண்டாம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறினால், 38 ஆண்டுகளில் எல்லா விலையும் ஆறு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அன்றைய ஒரு கோடியின் மதிப்பு இன்றைய 16 லட்சம் அளவுதான். ஆகவே 2,000 ரூபாயிலேயே நின்றுவிடாமல், வருமானம் ஏற ஏற மாதத் தொகையையும் ஆண்டுதோறும் ஏற்ற வேண்டும். விலைவாசியை முந்தாத முதலீடு எதுவும் பாதுகாப்பானது அல்ல, எவ்வளவு பெரிய முத்திரை அதன் மேல் குத்தியிருந்தாலும்.

எங்கே திறப்பது?

அரசின் கண்காணிப்பில் உள்ள கணக்குகள் மூன்று நம் இளைஞர்களுக்குப் பொருந்தும்.

முதலாவது, தபால் நிலையத்திலும் வங்கியிலும் தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எப். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 15 ஆண்டுக் கணக்கு. பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய சிறப்பு ஒன்று உண்டு. கணக்குதாரர் பட்ட கடனுக்காக, நீதிமன்றத் தீர்ப்பின் பேரில்கூட இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. தொழிலில் நொடித்துப் போகும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அரண் என்பதை விளக்கத் தேவையில்லை. குறை என்ன? வட்டி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1990களில் 12 சதவிகிதம் தந்த இந்தக் கணக்கின் வட்டி, 2020 ஏப்ரலில் 7.1 ஆகக் குறைக்கப்பட்டது. நம் தந்தையர் இதில் கண்ட பலனை நம் பிள்ளைகள் இதில் மட்டும் காண முடியாது.

இரண்டாவது, என்.பி.எஸ். எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம். 2004 ஜனவரியில் மத்திய அரசின் புதிய ஊழியர்களுக்காக வந்தது. 2009 மே முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்டது. வியாபாரியும் சேரலாம், கடைச் சிப்பந்தியும் சேரலாம். பணம் பங்குகள், கம்பெனிக் கடன் பத்திரங்கள், அரசுக் கடன் பத்திரங்கள் எனப் பிரித்து முதலீடு செய்யப்படுகிறது. எதில் எத்தனை பங்கு என்பதைச் சந்தாதாரரே தேர்ந்தெடுக்கலாம். நினைத்தபோது எடுக்க முடியாது என்பது இதன் குறை என்பார்கள். சீசனுக்குச் சரக்கு எடுக்க எந்தப் பணம் கிடைத்தாலும் கை வைக்கும் நமக்கு, அது குறை அல்ல. அதுவே இதன் பெரிய நன்மை. முடிவில் சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவிகிதத்துக்கு மாத ஓய்வூதியம் வாங்கியே ஆக வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2025 டிசம்பர் திருத்தத்தில் அரசு ஊழியர் அல்லாதோருக்கு அது 20 சதவிகிதமாகத் தளர்த்தப்பட்டது.

மூன்றாவது, நமக்கென்றே 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சிறு வணிகர் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரை உள்ள, ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மிகாத, வருமான வரி கட்டாத வணிகர்களுக்கானது. வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால், அதே அளவை மத்திய அரசும் கட்டும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். நல்ல எண்ணத்தில் வந்த திட்டம்தான். ஆனால் அந்த 3,000 என்பது நிலைத்த தொகை. இன்று 22 வயதுள்ளவர் 60இல் வாங்கப்போகும் 3,000 ரூபாய், மேலே சொன்ன 5 சதவிகித விலையேற்றக் கணக்கில், இன்றைய 470 ரூபாய்க்குச் சமம். ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளலாம், சோறாக நம்ப முடியாது. இதை உயர்த்தி, விலைவாசியோடு இணைக்கும்படி நமது சங்கங்கள் அரசிடம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

எதில் போடுவது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இருபதுகளில் இருப்பவர் தம் ஓய்வுக்காலப் பணத்தின் பெரும் பகுதியைப் பங்குகளில் வைக்க வேண்டும் என்பது எமது கருத்து. பங்கு என்றாலே சூதாட்டம் என்று நினைக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஒரு கம்பெனியின் பங்கை யாரோ சொன்னார் என்று வாங்கி, மறுவாரம் விற்பது சூதாட்டம்தான். அதை நாமும் கண்டிக்கிறோம். நாம் சொல்வது வேறு. நாட்டின் பெரிய கம்பெனிகள் பலவற்றில் பரவலாக, மாதந்தோறும் சிறு தொகை, முப்பது நாற்பது வருடம். நம் கடையில் சோப்பு, பிஸ்கட், எண்ணெய், பற்பசை விற்று அந்தக் கம்பெனிகளுக்கு லாபம் சேர்த்துக் கொடுப்பவர்கள் நாம். அந்த லாபத்தில் ஒரு துளி நமக்கும் வரட்டுமே!

ஏற்றத்தாழ்வு இல்லையா? உண்டு, மறைக்கவில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தாண்டிய மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு, 2009 மார்ச்சில் 8,200க்குக் கீழே இறங்கியது. பழைய உயரத்தை நிலையாகக் கடக்க 2013 இறுதி ஆயிற்று. 2020 ஜனவரியில் 42,000 அளவில் இருந்தது, கொரோனா அச்சத்தில் மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் பழைய அளவைக் கடந்தது. 58 வயதில் பணம் தேவைப்படுபவருக்கு இப்படிப்பட்ட சரிவு பெரும் துன்பம். 24 வயதில் மாதம் 2,000 போடுபவருக்கோ அது மலிவு விலைக் கொள்முதல். வரத்து அதிகமாகி விலை இறங்கும்போது கூடுதல் மூட்டை எடுத்து வைப்பவன்தானே கெட்டிக்கார வியாபாரி? அப்படி எடுக்க வேண்டிய நேரத்தில் பயந்து விற்றுவிட்டு ஓடுவதால்தான் பங்கில் பணம் போகிறது.

வயது ஏற ஏறப் பங்கின் அளவைக் குறைத்து, கடன் பத்திரங்களை அதிகரிக்க வேண்டும். என்.பி.எஸ்.ஸில் இதைத் தானாகவே செய்யும் வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் 35 வயது வரை 75 சதவிகிதம் பங்குகளில் இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து 55 வயதில் 15 சதவிகிதம் ஆகிவிடும். அன்றாடம் சந்தையைப் பார்க்க நேரமில்லாத நம் இளைஞர்களுக்கு இந்த வகை பொருத்தமானது. 2025 அக்டோபர் முதல் முழுத் தொகையையும் பங்குகளில் போடும் திட்டங்களும் அனுமதிக்கப்பட்டுள்ளன. கிடைக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. சரிவில் மனம் தளராமல் இருக்கக் கொஞ்சம் கடன் பத்திரமும் கலந்திருப்பது நல்லது.

நமது யோசனை எளிது. மாதம் 2,000 என்றால், 1,500 என்.பி.எஸ்.ஸில் மேற்சொன்ன வகையில், 500 பி.பி.எப்.பில். முதலாவது வளர்ச்சிக்கு, இரண்டாவது அரணுக்கு. வரிச் சலுகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு இவற்றில் கழிவு உண்டு. புதிய முறையில் சொந்தச் சந்தாவுக்கு அது இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதுமை வரத்தான் போகிறது.

கமிஷனைக் கேளுங்கள்

சரக்கில் கிலோவுக்கு ஐம்பது காசு விட்டுக்கொடுக்காத நாம், முதலீட்டில் போகும் செலவைக் கேட்பதே இல்லை. மேலே சொன்ன கணக்கில் ஆண்டுக்கு ஒரு சதவிகிதம் செலவாகக் கழிந்து 10க்குப் பதில் 9 சதவிகிதம் நின்றால், ஒரு கோடியே 3 லட்சம் என்பது சுமார் 78 லட்சமாகிவிடும். ஒரு சதவிகிதச் செலவு தின்றது 25 லட்சம்! என்.பி.எஸ்.ஸின் பொதுத் திட்டங்களில் நிதி நிர்வாகச் செலவு ஆண்டுக்கு நூறு ரூபாய்க்குச் சில காசுகள்தான். அதே சமயம், தெரிந்தவர் என்ற முறையில் வந்து "சேமிப்புக்குச் சேமிப்பு, காப்பீட்டுக்குக் காப்பீடு" என்று பாலிசி விற்பவரிடம், வருடா வருடம் கட்டுவது எவ்வளவு, முடிவில் வருவது எவ்வளவு, அது என்ன வட்டிக்குச் சமம் என்று கேட்டுப் பாருங்கள். ஆயுள் காப்பீடு அவசியம். அதை இறப்புக்கு மட்டும் தொகை தரும் மலிவான பாலிசியாகத் தனியே எடுப்பதே சரி. சேமிப்பை அதோடு கலக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்துகள்

"பணத்தைக் கடையில் சுழற்றினால் இதைவிட அதிகம் வருமே?" என்பார்கள். நியாயமான கேள்வி. கடையில் 20 சதவிகிதம் வருகிறது என்றால், அதில் நம் உழைப்பின் கூலி எவ்வளவு, முதலின் பலன் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். வாராக் கடனையும் கழியுங்கள். கடையில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாமே கடையில் வேண்டாம் என்கிறோம். ஒரே தெரு, ஒரே தொழில், ஒரே சரக்கு. அதில் ஒரு மேம்பாலம் கட்டினாலும் அடி விழும். ஆனால் கந்து வட்டிக் கடன் இருப்பவர் முதலில் அதை அடைக்கட்டும். அதைவிடச் சிறந்த முதலீடு வேறில்லை.

"தங்கம் இருக்கிறதே?" இருக்கட்டும். அவசரத்துக்கு அடகு வைக்கத் தங்கத்தைப் போல் எதுவும் இல்லை. ஆனால் தங்கமும் ஏறிக்கொண்டே இருப்பதல்ல. 2012க்கும் 2015க்கும் இடையே விலை இறங்கியதை நகைக்கடை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தங்கம் லாபம் ஈட்டும் தொழிலும் அல்ல. சேமிப்பில் ஒரு பகுதியாக இருக்கலாம்; முழுவதும் அதுவாக இருக்கக் கூடாது.

"மாதம் இரண்டு வட்டி தருகிறார்களே?" இதற்கு நீண்ட பதில் வேண்டாம். 1990களில் தமிழகத்து நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு தேக்கு மரம் வந்தது. பிறகு ஈமு கோழி வந்தது. பெயர்தான் மாறியது. ஏமாந்தவர் பட்டியலில் வணிகர்கள் ஒவ்வொரு முறையும் இருந்தார்கள்.

சிப்பந்திகளும் நம் பொறுப்பே

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையே கட்டாயப்படுத்துகிறது. நம் கடைகளில் நான்கைந்து பேர்தான். சட்டம் கேட்காவிட்டாலும் மனசாட்சி கேட்க வேண்டும். பதினெட்டு வயதில் வந்து சேர்ந்து, மூட்டை தூக்கி, முதுகு வளைந்து, ஐம்பத்தைந்தில் "இனி முடியாது அண்ணாச்சி" என்று நிற்பவரின் கையில் என்ன இருக்கிறது? அவர் 500 ரூபாய் போட்டால் நாம் 500 போடுவோம் என்று ஏற்பாடு செய்யலாம். தீபாவளி போனஸில் ஒரு பகுதியை அவர் சம்மதத்தோடு அந்தக் கணக்கில் சேர்க்கலாம். நல்ல ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை என்று குறைப்படும் நமக்கு, ஆள் நிற்க இதுவும் ஒரு வழி.

சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் மே 5 வணிகர் தினத்தை ஒட்டி ஒரு முகாம் நடத்தலாம். வங்கி அதிகாரியையும் தபால் துறையினரையும் அழைத்து, இளைஞர்களுக்கு அங்கேயே கணக்குத் தொடங்கி வைக்கலாம். ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். கமிஷனுக்குப் பாலிசி விற்பவர்களை மட்டும் அந்த முகாமுக்குள் விடக் கூடாது.

புதுக் கணக்கு நாளில் மஞ்சள் குங்குமம் வைத்துப் பேரேட்டில் பிள்ளையார் சுழி போடுகிறோம். அந்த நாளிலேயே பிள்ளைக்கு முதல் சம்பளமும் கொடுத்து, அவர் பெயரில் இந்தக் கணக்கையும் தொடங்கி வையுங்கள். கடை நம்மோடு முடியலாம், தொடரலாம். அது நம் கையில் மட்டும் இல்லை. பிள்ளைகளின் முதுமை யாரிடமும் கையேந்தாமல் கழிவதற்கு இன்றே அடித்தளம் போடுவது நம் கையில் இருக்கிறது.